இருங்காட்டுக்கோட்டை டிராக் டே, ஆட்டோகிராஸ்: ரோட்டுக் காரில் எதில் முதலில் கை வைக்கணும்?

தாம்பரம்_ஸ்விஃப்ட்

எல்லாருக்கும் வணக்கம். 2021 ஸ்விஃப்ட், 1.2 பெட்ரோல், மேனுவல். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கு, டயர் 185/65 ஆர்15. தினமும் ஆபீசுக்கு ஓடுற வண்டி. இதை வச்சே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே (சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள்) ஓட்டணும், வாய்ப்பு வந்தால் ஆட்டோகிராஸும் (நேரம் பார்த்து ஓட்டுற போட்டி). ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் விசாரிச்சால் கோன் ஃபில்டர் (கூம்பு மாதிரி ஏர் ஃபில்டர்), லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்துறது), சைலன்ஸர், இந்த மூணையும்தான் முதலில் மாத்தச் சொல்றாங்க. மூணுக்கும் சேர்த்துப் பணம் பத்தாது. எதிலிருந்து தொடங்கலாம்? சாயங்காலம் அதே வண்டியில் பத்திரமா வீட்டுக்கு வரணும், அது முக்கியம்.

பெரம்பூர்_ஸ்பேனர்

அந்த மூணையும் ஓரமா வைங்க தம்பி. பிரேக்கில் தொடங்குங்க.

உங்க வண்டி டிரைவரோட சேர்த்து ஏறக்குறைய 1000 கிலோ. 140 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு ஒரே ஒரு தடவை பிரேக் பிடிச்சால் 6 லட்சம் ஜூலுக்கு மேல் வெப்பம் வெளியே வரும். 2 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அவ்வளவு வெப்பம் போதும். அதில் பெரும்பகுதி முன் பக்கத்து இரண்டு டிஸ்க் மேல்தான் விழும். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. சுற்றில் இது திரும்பத் திரும்ப நடக்குது, நடுவில் ஆறுவதற்கு நேரமே இல்லை. ஓ.எம்.ஆரில் எவ்வளவு வேகமா ஓட்டினாலும் இந்த நிலைமை வராது. அதனால்தான் ரோட்டில் அருமையா நிற்கிற வண்டி டிராக்கில் மூணாவது, நாலாவது சுற்றிலேயே கையை விரிக்குது.

முதல் வேலை பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், சென்னைக் காற்றில் அதுக்குப் பஞ்சமே இல்லை. பாட்டிலில் டாட் என்று ஒரு தர எண் இருக்கும். டாட் 4-க்குப் புதுசா இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறிட்டால் 155 வரைக்கும் இறங்கலாம். டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் புதுசில் 312 டிகிரி தாங்கும், ஈரம் ஏறின பிறகும் 200-ஐத் தாண்டி நிற்கும். ரோட்டு வண்டிக்குப் புது டாட் 5.1 போதும். ஒரு நாளில் நாலைந்து செஷன் ஓட்டுறவர் என்றால் ரேஸ் ஆயில் ஊத்துங்க, ஆனால் அதை வருஷா வருஷம் மாத்தியே ஆகணும்.

மாத்தும்போது கவனிக்க வேண்டியது:

நம்ம ஊர் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் அந்தப் பக்கம்தான். அதனால் தூரமான சக்கரம் இடது பின் பக்கம். அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வாங்க. உங்க சர்வீஸ் மேனுவல் வேற வரிசை சொன்னால் அதைப் பின்பற்றுங்க. நிப்பிளுக்கு (சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆயிலை வெளியேவிடுற திருகு) ரிங் ஸ்பேனர் மட்டும் போடுங்க. ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை உருண்டுபோகும். 500 மில்லி பாட்டில் இரண்டு வாங்கினால் மிச்சமே ஆகும். பழைய வண்டியில் பெடலைத் தரை வரைக்கும் மிதிக்காதீங்க. சிலிண்டருக்குள்ளே பல வருஷமா சீல் போகாத இடம் சொரசொரன்னு இருக்கும், அதுமேல் சீல் போனால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைங்க, போதும். பிரேக் ஆயில் டேங்க் காலியாகிக் காற்று உள்ளே போகாமல் பார்த்துக்கங்க. ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளே காற்று புகுந்தால் ஸ்கேனர் வைத்துத்தான் எடுக்க முடியும்.

இரண்டாவது பேடு, அதாவது டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பாகம். பாதிக்குக் கீழே தேய்ஞ்ச பேடோடு டிராக்குக்குப் போகாதீங்க. மெல்லிசான பேடு வெப்பத்தைத் தடுக்காமல் நேரா பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் அனுப்பிவிடும்.

வில்லிவாக்கம்_வீல்

டாட் 5 தான் பெரிய நம்பரா இருக்கு, அதை ஊத்தினால் இன்னும் நல்லதில்லையா?

பெரம்பூர்_ஸ்பேனர்

கூடவே கூடாது. டாட் 5 சிலிகான் வகை. டாட் 3, 4, 5.1 மூணும் கிளைக்கால் வகை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது, ஏபிஎஸ் வண்டிக்கு ஒத்தும் வராது. பாட்டிலில் 5.1 என்று இருக்கான்னு கடையிலேயே படிச்சுப் பார்த்து வாங்குங்க.

வேளச்சேரி_போலோ

ஸ்பேனர் அண்ணா சொன்னதோடு ஒண்ணு சேர்க்கிறேன். டிராக்கில் பிரேக் போகும்போது எது போகுதுன்னு காலே சொல்லிடும். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனால் வண்டி நிற்கலைன்னா பேடு சூடாகிப் பிடிமானம் விட்டிருக்கு. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுதுன்னா ஆயில் கொதிச்சு ஆவிக் குமிழ் வந்திருக்கு. கால் அந்தக் குமிழைத்தான் அழுத்தும், பேடை அழுத்துற காலிப்பருக்கு விசை போகாது. முதல் கேஸில் ஒரு சுற்று மெதுவா ஓட்டினால் பேடு ஆறித் திரும்ப வேலை செய்யும். இரண்டாவது கேஸில் அன்றைய ஓட்டம் அத்தோட முடிஞ்சுது. ஆறினதும் பெடல் பழையபடி ஆகிடுச்சுன்னு நம்பித் திரும்ப உள்ளே போகாதீங்க. ஒரு தடவை கொதிச்ச ஆயில் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பிளீட் பண்ணிட்டுத்தான் (குமிழோட ஆயிலை வெளியேவிட்டுத்தான்) அடுத்த செஷன்.

பேடு விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. முழு ரேஸ் பேடு வாங்காதீங்க. சூடேறினால்தான் அது கடிக்கும். காலையில் பூந்தமல்லி சிக்னலில் குளிர்ந்த பேடோடு வழக்கம்போல மிதிச்சால் வழக்கமான தூரத்தில் நிற்காது. ஃபெரோடோ டிஎஸ்2500, இபிசி யெல்லோஸ்டஃப் இந்த ரகம் ரோடு, டிராக் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். உங்க மாடலுக்குக் கிடைக்கலைன்னா கம்பெனி பேடையே புதுசா போடுங்க, செஷனை 4 சுற்றோடு முடிச்சுக்கங்க.

மூணாவது_கியர்

பேடு செட் பண்றதை யாரும் சொல்லலை. புதுப் பேடின் ஒரு படலம் டிஸ்க் மேல் சீரா படியணும். 90-லிருந்து 20-க்கு, ஏபிஎஸ் துடிக்காத அளவுக்கு அழுத்தி, 8 முதல் 10 தடவை. நடுவில் முழுசா நிறுத்தக் கூடாது. சூடான பேடோடு நின்னால் அந்த இடத்தில் மட்டும் திட்டாப் படியும், அப்புறம் ஸ்டியரிங் அதிரும். நிறைய பேர் டிஸ்க் வளைஞ்சுடுச்சுன்னு மாத்துறது பெரும்பாலும் இந்தத் திட்டுதான். முடிச்சதும் பத்து நிமிஷம் பிரேக் தொடாமல் ஓட்டணும். இதை ஈ.சி.ஆரிலோ அவுட்டர் ரிங் ரோட்டிலோ செய்யாதீங்க, பின்னால் வர்ற லாரிக்காரருக்கு நீங்க என்ன செய்றீங்கன்னு தெரியாது. அன்றைய முதல் செஷனை இதுக்கென்று ஒதுக்குங்க.

இப்போ டயர். முதல் டிராக் டேக்கு இருக்கிற டயரே போதும், வயசு மட்டும் பாருங்க. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம். பட்டன் (தரையில் படுற மேடு) நிறைய இருந்தாலும் ரொம்பப் பழசான ரப்பர் காய்ஞ்சு கெட்டியாகியிருக்கும், டிராக்குக்கு வேண்டாம். பட்டன் முழுசா இருக்கிற புத்தம்புது டயரும் உதவாது. உயரமான பட்டன் திருப்பத்தில் வளைஞ்சு, சூடேறி, துண்டு துண்டா பிய்யும். காய்ஞ்ச டிராக்கில் 4, 5 மி.மீ. இருக்கிற பாதி தேய்ஞ்ச டயர்தான் ஒழுங்கா நிற்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் போறதாக இருந்தால் இந்தக் கணக்கை மறந்துடுங்க, வீடு திரும்பும் வழியில் தேங்கின தண்ணியில் அந்த டயர் மிதக்கும்.

காத்து: டோர் ஓரத்து ஸ்டிக்கரில் சொன்ன அளவில் தொடங்குங்க. நாலு சுற்று ஓட்டிட்டு உள்ளே வந்ததும், ஆறுவதற்கு முன்னாடியே, சொந்த கேஜில் பாருங்க. பங்க் கேஜை நம்ப வேண்டாம். 6-லிருந்து 8 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். இந்த எடை வண்டிக்குச் சூட்டில் முன்னால் 36-லிருந்து 38 நல்ல தொடக்கம். மேற்கொண்டு டயரே சொல்லும். பக்கவாட்டில் தோளுக்குக் கீழே சின்ன முக்கோணக் குறி இருக்கும். அந்த இடத்தில் மூணு கோடு சாக்பீஸால் போடுங்க, பட்டனிலிருந்து பக்கவாட்டு வரை. ஓட்டிட்டு வந்ததும் கோடு முக்கோணத்தைத் தாண்டி அழிஞ்சிருந்தால் டயர் மடங்குது, 2 பிஎஸ்ஐ ஏத்துங்க. முக்கோணத்துக்கு வெகு முன்னாடியே நின்னிருந்தால் 2 இறக்குங்க. நாலு சக்கரத்துக்கும் தனித்தனியா குறிச்சு வைங்க. வலது திருப்பம் அதிகமா இருக்கிற தடத்தில் இடது முன் டயர்தான் எல்லா அடியும் வாங்கும்.

பலர் மறப்பது இது: சூட்டில் காத்து இறக்கியிருப்பீங்க. ஆறினால் 28-க்கு, சில சமயம் அதுக்கும் கீழே, போயிருக்கும். அப்படியே பெங்களூரு ஹைவேயில் 100-ல் வந்தால் பக்கவாட்டு வெந்துபோகும். சிகரெட் லைட்டரில் சொருகுற சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு டிக்கியில் இருக்கட்டும்.

தாம்பரம்_ஸ்விஃப்ட்

ரொம்ப நன்றி அண்ணா. அப்போ அலைன்மென்ட், ஸ்பிரிங் இதெல்லாம்? ஆட்டோகிராஸுக்கும் இதே செட்டப் போதுமா?

அடையாறு_அலைன்மென்ட்

ஆட்டோகிராஸ் நம் நாட்டில் பெரும்பாலும் மண் தரையில் நடப்பது. தார்த் தரையில் கோன் வைத்து ஓட்டுவதை இங்கே ஜிம்கானா என்பார்கள். யூட்யூபில் அமெரிக்கர்கள் போடும் ஆட்டோகிராஸ் வீடியோக்கள் எல்லாம் நம்முடைய ஜிம்கானா. அதைப் பார்த்து வண்டியைத் தாழ்த்தி மண்ணில் இறக்கினால் முதல் பள்ளத்திலேயே எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் உடையும். பதிவு செய்வதற்கு முன் தரை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தார்த் தரை. கம்பெனி ஸ்பிரிங்கே இருக்கட்டும். மலிவு லோயரிங் ஸ்பிரிங்கைக் கம்பெனி ஷாக் அப்சார்பருடன் போட்டால், ஷாக் நகர இருந்த இடம் குறைந்து, திருப்பத்தில் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில் முட்டும். முட்டிய நொடியில் அந்தச் சக்கரத்தின் பிடிமானம் சட்டென்று போய்விடும். அந்தக் காசை முன் கேம்பருக்கு, அதாவது முன் சக்கரம் நிற்கும் சாய்வுக்கு, செலவிடுங்கள். ஸ்விஃப்ட், போலோ இரண்டிலும் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்டிரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்). ஸ்விஃப்டில் ஸ்டிரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் இரண்டு போல்ட் உண்டு. மேல் போல்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போட்டால் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும். மைனஸ் (சக்கரத்தின் மேல் பக்கம் உள்ளே சாய்வது) ஒன்றரைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டைத் தாண்டினால் தினசரி ஓட்டத்தில் உள் விளிம்பு தேயும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். டார்க் ரெஞ்சில் இறுக்கிய பின் போல்ட் தலையிலும் நக்கிளிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். போல்ட் நழுவினால் கோடு விலகியிருப்பது கண்ணில் படும். கேம்பர் மாறினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தானாக மாறும். ஆகவே கேம்பரை முடித்துவிட்டு டோவைப் பூஜ்யத்தில் வையுங்கள். பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம், அங்கே திருப்ப ஒன்றும் இல்லை.

அலைன்மென்ட் செய்யும்போது உங்கள் எடைக்கு ஈடாக டிரைவர் சீட்டில் மணல் மூட்டை வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

மண் என்றால் கணக்கு வேறு. 2 அல்லது 3 மி.மீ. இரும்பு சம்ப் கார்டு கட்டாயம். அதில் ஆயில் வடிக்கத் துளை இருக்க வேண்டும், எக்ஸாஸ்ட் பைப்பில் உரசக் கூடாது. காத்தை இறக்காதீர்கள். பக்கவாட்டாகச் சறுக்கி ஒரு வரப்பில் இடித்தால் காத்து குறைந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 34-லிருந்து 36 வரை வையுங்கள். ஓடி முடித்ததும் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிரீச் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அதுதான். ஆக்ஸில் ரப்பர் பூட்டைக் கையால் மடித்து மடிப்புக்குள் கிழிசல் இருக்கிறதா பாருங்கள். கிழிந்த பூட்டில் மண் புகுந்தால் கொஞ்ச நாளில் உள்ளே சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஜாயின்ட்டே போய்விடும்.

பெரம்பூர்_ஸ்பேனர்

சார் சொன்ன மண் விஷயத்தில் ஏர் ஃபில்டரையும் சேர்த்துக்கங்க. கோன் ஃபில்டர் கேட்டிருந்தீங்களே, அது பானெட்டுக்குள்ளே இருக்கிற சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும், மண் தரையில் புழுதியையும் சேர்த்து. கம்பெனி டப்பா வெளிக் காற்றை இழுக்குது, பேப்பர் ஃபில்டர் புழுதியை நல்லா நிறுத்துது. புது பேப்பர் ஃபில்டர் போடுங்க, மண்ணில் ஓடிட்டு வந்த மறுநாள் திறந்து பாருங்க.

பழைய வண்டிப் பாகம் விக்கிற புதுப்பேட்டை பற்றி யாரும் கேட்கலை, ஆனால் கட்டாயம் யாராவது உங்களை அங்கே அனுப்புவாங்க. பம்பர், கண்ணாடி, லைட் எல்லாம் தாராளமா வாங்குங்க. காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங் ராக், டை ராட் இதெல்லாம் பழசில் வேண்டவே வேண்டாம். டிராக்குக்கென்று பழைய அலாய் செட் வாங்கினால் டயர் இல்லாமல் வாங்குங்க, உள் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்க. பெயின்டுக்கு அடியில் வெல்டு மேடு தட்டுப்பட்டால் கீழே வச்சுட்டு வந்துடுங்க. அப்புறம் பேலன்ஸிங் மெஷினில் ஏத்தி ஆட்டம் பார்க்காமல் காசு கொடுக்காதீங்க.

வில்லிவாக்கம்_வீல்

இரண்டு தோளையும் பிடிக்கிற நாலு பாயின்ட் ஹார்னஸ் பெல்ட் போடலாமா? ஆன்லைனில் மலிவா கிடைக்குது.

வேளச்சேரி_போலோ

கம்பெனி சீட்டில் வேண்டாம் ப்ரோ. அது வயிற்றுப் பெல்ட்டை மேலே இழுக்கும். மோதும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவும். ரோல் கேஜ் இல்லாத வண்டி புரண்டு கூரை இறங்கினால், மூணு பாயின்ட் பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் உண்டு, ஹார்னஸில் நிமிர்ந்தபடியே மாட்டிக்குவீங்க. கம்பெனி பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெல்ட்டைச் சட்டுன்னு இழுத்துப் பூட்ட வச்சு, அப்படியே சீட்டை முன்னால் கொண்டுவாங்க. உடம்பை நல்லா பிடிக்கும். தோள் சீட்டை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டியரிங் உச்சியில் படணும், அதுதான் உட்காரும் தூரம்.

ஹெல்மெட் முழு முகம் மறைக்கிறதா இருக்கணும். கார் ஓட்டத்துக்கென்று ஸ்னெல் எஸ்ஏ முத்திரை வர்ற ஹெல்மெட்டில் உள்துணி தீயைத் தாங்கும். பைக் ஹெல்மெட்டில் அது கிடையாது. எதை அனுமதிப்பாங்கன்னு நடத்துறவங்க கிட்ட முன்கூட்டியே கேளுங்க. முழுக்கை பருத்தி உடை, அடி மெல்லிசான ஷூ. நைலான் வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

போலோ, ஐ20 வச்சிருக்கிறவங்களுக்கு: ஈஎஸ்பியை (வண்டி சறுக்காமல் தானா திருத்துற அமைப்பு) முதல் நாளில் அணைக்காதீங்க. ஆனால் அது ஒவ்வொரு தடவையும் ஒரு சக்கரத்தைத் தனியா பிரேக் பிடிச்சுத்தான் வண்டியை நேராக்குது. லைட் அடிக்கடி மினுக்கினால் பிரேக் நீங்க நினைக்கிறதைவிட அதிகம் சூடாகுதுன்னு அர்த்தம். திருப்பத்துக்குள்ளே வேகமா நுழையுறீங்க. போலோ 1.2 டிஎஸ்ஐயில் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்குக்கு டிரை கிளட்ச் (ஆயிலில் முங்காதது), ஜிம்கானாவில் திரும்பத் திரும்ப ஆக்சிலரேட்டரை அழுத்திக் கிளப்பினால் சூடேறிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் நியூட்ரலில் நிறுத்துங்க.

அடையாறு_அலைன்மென்ட்

இன்ஷூரன்ஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் மோட்டார் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டும் அதில் விலக்கப்பட்டிருக்கும். பம்பர் டு பம்பர் எடுத்திருந்தாலும் டிராக்கில் சுவரில் இடித்தால் செலவு முழுக்க நம்முடையது. அந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வண்டி கடனில் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

மூணாவது_கியர்

அன்றைக்குக் காலையில் செய்ய வேண்டியதைச் சுருக்கமா சொல்றேன். ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, டாஷ்போர்டு பிள்ளையார், தண்ணி பாட்டில், போன் ஸ்டாண்டு எல்லாம் வெளியே. டிரைவர் பக்கத்து மிதியடி நழுவி பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்பான் வைக்கிறதா இருந்தால் இரும்பு பிராக்கெட்டில் போல்ட் போட்டு வைங்க, சும்மா சீட்டுக்கு அடியில் உருள விட்டால் அதுவே ஆபத்து. பேட்டரி கிளாம்ப் ஆடுதான்னு பாருங்க. எஞ்சின் ஆயில் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தொட்டு நிற்கட்டும். குறைஞ்சால் நீளமான திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பு காற்றை இழுக்கும். கோட்டுக்கு மேலேயும் ஊத்தாதீங்க, கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கும்.

வீல் நட் டார்க் ரெஞ்சில் மட்டும். போலோ போல்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். ஸ்விஃப்டுக்கு மேனுவலில் இருக்கிற எண். மரையில் ஆயில், கிரீஸ் எதுவும் தடவாதீங்க. முதல் செஷன் முடிஞ்சு சக்கரம் கை வைக்கிற சூட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை பாருங்க. இழுக்கிற கொக்கியைக் காலையிலேயே போட்டு வைங்க, போலோவில் அது இடது மரை, எதிர்ப்பக்கம் சுத்தணும்.

ஓடும்போது ஏசி ஆஃப். டெம்பரேச்சர் முள் ஏறினால் ஹீட்டரையும் ஃபேனையும் முழுசா வைங்க. வேர்க்கும், ஆனால் எஞ்சின் பிழைக்கும். ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றை பிரேக் தொடாத மாதிரி மெதுவா ஓட்டுங்க. உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீங்க, கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைங்க. டர்போ வண்டியை ஒரு நிமிஷமாவது ஐடிலில் விட்டு அணைங்க. பானெட்டைத் திறந்து வைங்க.

தாம்பரம்_ஸ்விஃப்ட்

புரிஞ்சுது. பிரேக் ஆயில், பேடு, கேம்பர் போல்ட், டார்க் ரெஞ்ச், கேஜ், கம்ப்ரஸர். இதுக்கே பணம் சரியா வரும். வீடு வந்து சேர்ந்த பிறகு மறுநாள் ஏதாவது பார்க்கணுமா?

பெரம்பூர்_ஸ்பேனர்

கட்டாயம். நாலு சக்கரத்தையும் கழட்டுங்க. முன் டிஸ்க்கில் மேலோட்டமா மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருந்தால் பரவாயில்லை. நகத்தால் கீறும்போது மாட்டினாலோ, கோடு டிஸ்க்கின் ஓரம் வரைக்கும் போயிருந்தாலோ டிஸ்க்கை மாத்துங்க. காலிப்பர் பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரப்பர் கருகி நொறுங்குதான்னு பாருங்க. முன் இரண்டு நிப்பிளிலும் கொஞ்சம் ஆயில் விட்டுப் பாருங்க, பெடல் முன்னைவிடக் கெட்டியானால் உள்ளே குமிழ் இருந்திருக்கு.

பேடை அளக்கும்போது வெளிப் பேடை மட்டும் பார்த்துட்டு மூடிடாதீங்க. உள் பேடு வெளிப் பேடைவிட 2 மி.மீ.க்கு மேல் தேய்ஞ்சிருந்தால் காலிப்பர் ஸ்லைடு பின் இறுகியிருக்கு. பின்னைக் கழட்டித் துடைச்சு, பிரேக்குக்கென்று விக்கிற சிலிகான் கிரீஸைத் தடவுங்க. சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போய் பின் இன்னும் இறுகும். இடது முன் பக்கத்திலிருந்து தொடங்குங்க தம்பி.